மிச்ச டேப்பில் ஒரு பாட்டு

ஈஎஸ்ஜி என்ற பேரைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அவர்களுடைய ‘யூஎஃப்ஓ’வைக் கேட்டுவிட்டேன். நீங்களும் கேட்டிருக்கலாம். பழைய ராப் பாட்டுகளின் பின்னணியில் சைரன் மாதிரி இழுத்து அலறுமே, அந்த கிட்டார்தான்.

எழுபதுகளின் நியூயார்க், சவுத் பிராங்க்ஸ். வரிசையாகக் கட்டிடங்கள் எரிந்துகொண்டிருந்த காலம். பெண்பிள்ளைகள் தெருவில் இறங்கி வம்பில் மாட்டக்கூடாது என்று ஸ்க்ராகின்ஸ் சகோதரிகளின் அம்மா வாத்தியங்கள் வாங்கிக் கொடுத்தார். ரெனே பாடினார், வேலரி டிரம்ஸ், டெபரா பேஸ், மரீ காங்கா. ஜேம்ஸ் பிரவுன் பாட்டுகளில் மற்றதெல்லாம் அடங்கி, பேஸும் டிரம்ஸும் மட்டும் ஓடும் இடம் வரும். அதுதான் ரெனேவுக்குப் பிடித்தது. முழுப் பாட்டையுமே அப்படிச் செய்தால் என்ன? அவ்வளவுதான் அவர்களுடைய கொள்கை. வாயில் ஒட்டிக்கொள்ளும் மெட்டு, ஆட வைக்கும் தாளம், பூச்சு எதுவும் கிடையாது. அதனால் பங்க் கூட்டமும் டிஸ்கோ கூட்டமும் அவர்களைத் தங்கள் ஆட்களாக நினைத்தன.

நியூயார்க்கில் அவர்கள் வாசித்ததைக் கேட்ட மான்செஸ்டர் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸின் டோனி வில்சன் ரெக்கார்டிங்குக்கு ஏற்பாடு செய்தார். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். இரண்டு பாட்டு முடிந்ததும் டேப்பில் மூன்று நிமிடம் மிச்சம். அதை நிரப்ப வாசித்ததுதான் ‘யூஎஃப்ஓ’. 1981இல் வெளிவந்தது. அடுத்த வருடம் மான்செஸ்டரில் ஹாசியெண்டா கிளப் திறந்த இரவில் அவர்கள் மேடையேறினார்கள். 1983இல் முதல் ஆல்பம்.

பிறகு சாம்பிளர் கருவி வந்தது. பப்ளிக் எனிமி, பிக் டாடி கேன் என்று ஆளாளுக்கு அந்த அலறலை வெட்டி எடுத்தார்கள். ஏன் இதையே? நிறைய வெற்றிடம் விட்டு வாசித்த இசை அது. எந்தத் துண்டை உருவினாலும் கூடவே வேறு எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. பாட்டின் அழகு எதுவோ, அதுவே திருடவும் வசதியாகப் போயிற்று. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது புதிதில்லை. சுத்தமாக எழுதின கோடைத்தான் எல்லாரும் காப்பி அடிப்போம். முதலில் அழிப்பது எழுதியவர் பேர் இருக்கும் வரியை.

ஈஎஸ்ஜி என்பது எமரால்ட், சஃபையர், கோல்ட். முதலிரண்டும் இரு சகோதரிகளின் பிறந்த மாதக் கற்கள். மூன்றாவது, வாங்க ஆசைப்பட்ட தங்க இசைத்தட்டு. 1992இல் வந்த அவர்களுடைய இசைத்தட்டின் தலைப்புக்கு அர்த்தம் இதுதான்: சாம்பிள் எடுத்ததற்குப் பேர் போட்டால் எங்க வீட்டு பில் கட்ட முடியாது.