கோல்டா, கோல்டனா?

பொன் மோதிரம் ஆங்கிலத்தில் ‘கோல்ட் ரிங்’. பொன்னான வாய்ப்பு ‘கோல்டன் ஆப்பர்ச்சூனிட்டி’. முன்னதில் பெயர்ச்சொல்லே அடைமொழியாக நிற்கிறது, பின்னதில் இருப்பது பெயரடை. இன்றைய வழக்கில், பொன்னால் செய்தது என்றால் பெரும்பாலும் கோல்ட். நிறத்தையோ மேன்மையையோ சொல்ல கோல்டன். எனவே ‘கோல்டன் மெடல் வாங்கினான்’ என்று எழுதக் கூடாது. ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெரும்பகுதி வெள்ளிதான், தங்கம் மேல்முலாம் மட்டுமே. ஆனாலும் அது கோல்ட் மெடல்தான்!

முன்பு இந்தப் பிரிவினை இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘என்’ விகுதி ‘இன்ன பொருளால் ஆனது’ என்பதையே குறித்தது. மரச்சாமானுக்கு வுட்டன், கம்பளி ஆடைக்கு உல்லன் என்று இன்றும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. சில்க்கன் மட்டும் கோல்டன் போன வழியிலேயே போய், பட்டுப் போன்ற கூந்தலுக்கும் குரலுக்கும் உரியதாகிவிட்டது.

இந்த வரிசையில் மிக அழகானது லினன். ‘லின்’ என்பது ஆளிச்செடி. அதன் நாரால் ஆனது லினன். பெயரடையாகப் பிறந்த சொல், நாளடைவில் துணியின் பெயராகவே ஆயிற்று. ‘லினன் ஷர்ட்’ என்னும்போது அந்தப் பெயர்ச்சொல் மறுபடி அடைமொழி வேலை பார்க்கிறது.