டங்கன், எல்லிஸ் ஆர்.

டங்கன், எல்லிஸ் ஆர். (1909–2001): தமிழ் அறியாமலே தமிழ்த் திரைப்படங்களை இயக்கிப் புகழெய்திய அமெரிக்க டைரக்டர். ஒஹையோ மாகாணத்துப் பார்ட்டன் என்னும் சிற்றூரில் பிறந்து, தென் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சினிமாக் கலை பயின்ற இவர், உடன் பயின்ற மாணிக்லால் டாண்டனின் அழைப்பையேற்று 1935-இல் இந்தியா வந்தார். இவர் இயக்கிய முதற்படமான 'சதி லீலாவதி' (1936), எம். ஜி. ராமச்சந்திரன் நடித்த முதற்படமுமாகும். 'அம்பிகாபதி' (1937), 'சகுந்தலை' (1940) முதலியன பின்தொடர்ந்தன. 'மீரா' (1945) படத்துக்கென எம். எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவு உருவச்சிலையொன்றைச் செய்வித்து, விளக்குகளை இடம் மாற்றி மாற்றி அதன்மேல் ஒளி படச்செய்து, எப்பக்க ஒளியில் அம்முகம் பக்திபாவம் பொலியத் தோன்றும் என்று பொறுமையுடன் ஆராய்ந்தார்.

சேலத்து ஆண்டு: திருச்செங்கோட்டிற் பிறந்து, லீட்ஸ் நகரில் நெசவுத்தொழில் நுட்பம் கற்று மீண்ட டி. ஆர். சுந்தரம், சேர்வராயன் மலையடிவாரத்தில் ஏற்காடு சாலையோரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸுக்காக டங்கன் பணியாற்றிய படங்கள் இரண்டும் 1950-இல் வெளிவந்தன. பாரதிதாசனின் காவியத்தைத் தழுவி, அவரே வசனமும் எழுதிய 'பொன்முடி'யின் காதற்காட்சிகள் வரம்பு மீறியவை என்று அக்காலத்தில் கண்டனம் எழுந்தது. இன்று காண்போர்க்கு அவை மிக எளியனவாகவே தோன்றும். குண்டலகேசியின் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய 'மந்திரி குமாரி'யோ பெருவெற்றி கண்டது. கொல்லும் நோக்குடன் மனைவியை மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் கணவனை, சாகுமுன் மும்முறை வலம்வர அனுமதி வேண்டி, அவன் இசைந்ததும் பின்னிருந்து அவள் தள்ளிவிடும் கட்டத்தில், அதற்கு முன் வரும் ஜி. ராமநாதனின் இனிய இசையே அச்சத்தை வளர்த்துவிடுகிறது. மொழியறியாதவனும் கதையை உணரும்படி அமைந்த காட்சி அது. டங்கன் தாயகம் திரும்ப நேர்ந்ததால் எஞ்சிய பகுதியைச் சுந்தரமே எடுத்து முடித்தார் என்பர். எவர் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. படத்தில் இருவர் பெயருமே டைரக்டர்களாகக் காணப்படுகின்றன.

சுந்தரத்தின் நிறுவனம் ஹாலிவுட்டாருடன் கூடித் தயாரித்து 1952-இல் வெளிவந்த 'தி ஜங்கிள்' படத்திலும் டங்கனுக்குப் பங்குண்டு. அதில் நம் நாட்டு யானைகளே சடைமயிர் போர்த்தப்பெற்று, ஆதிகால மாமத யானைகளாகத் தோன்றின.

பின்னர் மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் தங்கிச் செய்திப்படங்கள் எடுத்தார். இவருடைய சுயசரிதை 2001-இல் வெளிவந்தது, அவ்வாண்டிலேயே காலமானார். மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிறது.