புதுக்கோட்டை வட்டாரச் சமையலில் சைவ மாற்றுகள்

இறைச்சி, மீன், முட்டை ஆகியவற்றைக் கொண்டு செய்யப்படும் உணவுகளை, அவை இல்லாமல் அதே மசாலாவிலும் அதே பக்குவத்திலும் செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்தில் இவ்வழக்கத்தைத் தெளிவாகக் காணலாம். செட்டிநாட்டு ஊர்கள் சில, பலாவும் வாழையும் விளையும் ஆலங்குடிப் பகுதி, பாக் நீரிணைக் கரையோர ஊர்கள் ஆகிய மூன்றும் இம்மாவட்டத்தில் அடங்கியிருப்பதே அதற்குக் காரணம்.

சொல் வரலாறு

இன்று 'கறி' என்றால் பெரும்பாலும் இறைச்சியையே குறிக்கும். சங்க இலக்கியத்தில் அது மிளகைக் குறித்தது. பின்னர் காரமிட்டுச் சமைத்த எதற்கும் பெயராயிற்று. 'காய்கறி', 'மரக்கறி' ஆகிய சொற்களில் அப்பழைய பொருள் தங்கியுள்ளது. 'சைவம்' என்னும் சமயப் பெயர் புலால் இல்லாத உணவுக்கும் பெயரானது. தமிழ் வழக்கில் சைவ உணவில் பாலும் நெய்யும் உண்டு, முட்டை இல்லை.

ஆண்டு முழுதும் சைவம் உண்ணும் வீடுகளைவிட, நாள் பார்த்துச் சைவம் உண்ணும் வீடுகளே இப்பகுதியில் மிகுதி. வெள்ளிக்கிழமை, அமாவாசை, கார்த்திகை விரதம், புரட்டாசிச் சனி ஆகிய நாட்களில் பல வீடுகளில் புலால் சமைப்பதில்லை. ஆகவே ஒரே அம்மியில் ஒரே மசாலாவை இரு வகைச் சமையலுக்கும் அரைக்கும் பழக்கம் ஏற்பட்டது.

செட்டிநாட்டுப் பின்னணி

செட்டிநாடு என்றவுடன் சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடியே நினைவுக்கு வரும். ஆனால் கடியாபட்டி, ராயவரம், பனையப்பட்டி, நச்சாந்துபட்டி, குழிபிறை, வேந்தன்பட்டி முதலிய நகரத்தார் ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ளன. இப்பகுதி தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. அச்சமஸ்தானம் 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. தனி மாவட்டம் 1974-இல் அமைக்கப்பட்டது.

நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டில் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித் தொழிலும் வணிகமும் செய்தனர். கவுனி அரிசி அவ்வழியாகப் பர்மாவிலிருந்து வந்தது. செட்டிநாட்டுக் கோழி வறுவல் இன்று உலகெங்கும் அறியப்பட்டாலும், நகரத்தார் திருமண விருந்து சைவ விருந்தே. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம், மண்டி போன்றவை அவ்விருந்து மரபின் பெயர்பெற்ற பண்டங்கள். எனவே செட்டிநாட்டுச் சமையலைப் புலால் சமையல் என்று மட்டும் கொள்வது பிழை.

கோலா உருண்டை

சைவ மாற்றுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு கோலா உருண்டை. கொத்துக்கறியுடன் தேங்காய், சோம்பு, கசகசா, பட்டை, கிராம்பு, பொட்டுக்கடலை சேர்த்து அரைத்து உருட்டிப் பொரிப்பது அதன் முறை. சைவ வீடுகளில் கொத்துக்கறி இருக்கும் இடத்தில் வாழைப்பூ, வாழைக்காய் அல்லது சேனைக்கிழங்கு வந்தது, மசாலா மாறவில்லை. வாழைப்பூவில் கள்ளனை நீக்கி, நறுக்கி, மோர் கலந்த நீரில் போட்டுக் கறுக்காமல் காத்து, வேகவைத்து நீரை நன்கு பிழிய வேண்டும். மிஞ்சும் ஈரத்தைப் பொட்டுக்கடலை மாவு உறிஞ்சிக்கொள்வதால் உருண்டை எண்ணெயில் பிரியாது, முட்டை தேவைப்படாது.

பலாக்காய்

ஆலங்குடி வட்டத்தில் வடகாடு, கீரமங்கலம் பகுதிகள் பலாவுக்குப் பெயர்பெற்றவை. நார் நாராகப் பிரியும் இளம் பலாக்காய் மசாலாவை நன்கு ஏற்கும். வங்காளத்தில் இதனை 'மரத்து ஆடு' என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பர். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் இப்பகுதியின் பலா மரங்களும் தென்னைகளும் பெருமளவில் சாய்ந்தன. பலா வளர்ந்து நிறையக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், அந்த இழப்பு விவசாயியோடு நிற்காமல் அடுப்படி வரை வந்தது.

முட்டை இல்லாத பலகாரங்கள்

தமிழரின் பழைய பலகாரங்கள் பெரும்பாலானவற்றில் முட்டை கிடையாது. மாவைப் பிணைக்கவும் உப்பவைக்கவும் உளுந்து போதுமானதாயிருந்தது. ஊறிய உளுந்தை அரைக்கும்போது உண்டாகும் பசைத்தன்மை காற்றைப் பிடித்து வைக்கிறது. வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் உப்புவதற்கு அதுவே காரணம். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்' இத்தகைய சைவச் சமையலை அளவுகளுடன் அச்சில் பதிவு செய்தது.

கேக், கஸ்டர்டு, புட்டிங் ஆகியவை ஐரோப்பியர் வழியாக முட்டையுடன் வந்தவை. அவற்றிலிருந்து முட்டையை நீக்கும் முயற்சியும் ஐரோப்பாவிலேயே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்பிரட் பேர்ட் என்பவர், முட்டை ஒவ்வாத தம் மனைவிக்காக 1837-இல் சோளமாவைக் கொண்டு கஸ்டர்டு தூள் செய்தார். இன்று நம் வீடுகளில் பயன்படும் கஸ்டர்டு தூள் அதன் வழிவந்ததே.

முட்டை ஒரே உணவில் பல வேலைகளைச் செய்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே மாற்று உதவாது.

- உப்பவைக்க: தயிருடன் சமையல் சோடா. தயிரின் புளிப்பு சோடாவுடன் சேர்ந்து கரியமில வாயுவை உண்டாக்கும். கலந்தவுடன் அடுப்பில் ஏற்ற வேண்டும்.
- பிணைக்க: பொட்டுக்கடலை மாவு, கடலை மாவு, மசித்த உருளைக்கிழங்கு. தக்காளி ஆம்லெட் எனப்படுவது கடலை மாவால் ஆனதே.
- ஈரப்பதத்துக்கு: மசித்த வாழைப்பழம், கெட்டிப்பால்.
- மணத்துக்கு: கறுப்பு உப்பு. அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் முட்டையின் வாசனையைத் தரும்.
- உறையவைக்க: கடல்பாசி. தமிழ் முஸ்லிம்களின் வட்டலப்பத்தில் தேங்காய்ப்பாலை உறையவைப்பது முட்டை. அது ஆவியின் சூட்டில் உறையும். கடல்பாசியோ கொதியில் கரைந்து, ஆறும்போது உறையும். ஆகவே பொருள் மாறினால் செய்முறையும் மாற வேண்டும்.

சத்து

சுவையும் பக்குவமும் ஒத்துவந்தாலும் சத்து ஒத்துவருவதில்லை. ஒரு கோழி முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. வாழைப்பழத்திலும் பலாக்காயிலும் அது மிகக் குறைவு. தமிழ்நாட்டில் 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்க்கப்பட்டது. முட்டை உண்ணாத குழந்தைகளுக்கு வாழைப்பழம் வழங்கும் முறையும் வந்தது. பழம் பசியாற்றும், முட்டையின் புரதத்தை ஈடுசெய்யாது. பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, பால், தயிர் ஆகியவற்றை வீட்டில் கூடுதலாகக் கொடுத்தால்தான் அக்குறை தீரும். பருப்பு உருண்டைக் குழம்பும் சுண்டலும் இவ்வகையில் வாழைப்பூக் கோலாவை விடச் சத்து மிக்கவை.

கடையில் வாங்கும் உணவுக்கு இந்தியாவில் 2001 முதல் பச்சைப் புள்ளி அடையாளம் உள்ளது. அது அவ்வுணவில் எது இல்லை என்பதை மட்டுமே சொல்லும். நீக்கியதற்கு ஈடாக எதைச் சேர்ப்பது என்பதை வீட்டில் சமைப்பவரே முடிவு செய்ய வேண்டும்.