நோவு தணிக்கும் மருந்து

காஞ்சிபுரம் என்றதும் பட்டையும் கோபுரங்களையும் நினைப்போர், அந்நகரை அடுத்த திருமுக்கூடலையும் ஒருமுறை நினைத்தல் வேண்டும். பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் அவ்வூர்ப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. அங்கு நடந்த ஆதுலசாலையில் 15 படுக்கைகள் இருந்தன. மருத்துவர், அறுவை செய்வோர், நோயாளரைப் பேணும் பெண்கள் ஆகியோருக்கு உரிய ஊதியமும் குறிக்கப்பட்டுள்ளது. கோயிற் கல்விச்சாலை மாணவருக்கும் பணியாளருக்கும் உரியதே அது. ஊரார் அனைவருக்கும் உரியதன்று. எனினும், ஓராண்டுக்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் கல்லில் பொறித்தார்களே, அதுவே என்னை வியக்கச் செய்கிறது. மருத்துவர் இருந்தும் மருந்து இல்லையேல் பயன் என்ன?

இக்கேள்வி நம் காலத்திலும் எழுந்தது. காஞ்சியில் 1909இல் பிறந்த அறிஞர் அண்ணா, முதலமைச்சராக இருந்தபோதே புற்றுநோயுற்று, 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். காஞ்சியை அடுத்த காரைப்பேட்டையில் அவர் பெயர் தாங்கிய அரசு புற்றுநோய் மருத்துவமனை இன்றும் இருக்கிறது. முற்றிய புற்றுநோயின் வலி, சாதாரண மாத்திரைகளுக்கு அடங்குவதன்று. அதனை அடக்கவல்லது மார்ஃபின். நம் அடுக்களைக் கசகசாவைத் தரும் அதே செடியின் காயில் வடியும் பால்தான் அபின். அபினிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மார்ஃபினைப் பிரித்தெடுத்தார் செர்ட்டுர்னர் என்னும் செருமானியர்.

மாணவ நண்பர்களே, இதில் ஒரு விந்தையைக் காணுங்கள். மத்தியப் பிரதேசத்திலும் இராசத்தானத்திலும் அரசின் உரிமம் பெற்று உழவர்கள் அபின் விளைவிக்கின்றனர். அது பிற நாடுகளுக்கும் மருந்துக்காகச் சென்றது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டம் வந்தபின், இந்நாட்டு நோயாளிக்கு அது எட்டாக்கனியாயிற்று. வைத்திருக்க ஓர் உரிமம், கொண்டுசெல்ல ஓர் அனுமதி, வேறு மாநிலத்திலிருந்து வரவழைக்க மற்றொன்று எனப் பல தாள்கள் ஒரே காலத்தில் செல்லுபடியாக இருத்தல் வேண்டும். ஒன்று கைக்கு வருமுன் மற்றொன்று காலாவதியாகும். பிழை நேரின் கடுஞ்சிறை. மருந்துக் கடைக்காரர் அஞ்சி ஒதுங்கினார். மார்ஃபினைக் கையாளாமலே ஒரு தலைமுறை மருத்துவர்கள் பட்டம் பெற்றனர். பத்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், நாட்டில் அதன் மருத்துவப் பயன்பாடு பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாகக் குறைந்தது. கள்ளக் கடத்தலுக்கு வைத்த பூட்டு நோயாளியின் கதவிலும் விழுந்தது என்பேன்.

உலக நாடுகளோ, 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையின் முகவுரையிலேயே, வலி தணிக்க இம்மருந்துகள் இன்றியமையாதவை என ஒப்புக்கொண்டிருந்தன. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடே. கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சங்கத்தாரும், மருத்துவர் எம். ஆர். இராசகோபால் போன்றோரும், சட்டத்தைத் திருத்தவேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினர். 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின் முதலிய சிலவற்றை இன்றியமையா மருந்துகளாக்கி, பல உரிமங்களுக்கு ஈடாக ஒரே அனுமதியைப் போதுமாக்கியது.

ஆயினும் 2017இல் லான்செட் இதழ் அமைத்த ஆணையம் உலகக் கணக்கைப் பார்த்தபோது, ஆண்டுதோறும் வழங்கப்பட்ட 298.5 டன் அளவிலான இவ்வகை மருந்தில் மிக வறிய நாடுகளுக்குக் கிடைத்தது 0.1 டன் மட்டுமே. அம்மருந்தோ விலை மிகக் குறைந்தது.