மேசைக் கணினியின் வன்பொருள் பழுதறிதல்: விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து

இயங்க மறுக்கும் மேசைக் கணினியில் எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்று கண்டறிவது வன்பொருள் பழுதறிதல் எனப்படும். பழுதை நீக்குவதைவிட அதைச் சரியாக அறிவதே கடினம். திரை இருண்டு கிடந்தால், ராம் தளர்ந்திருக்கலாம், மதர்போர்டும் எரிந்திருக்கலாம். முதலாவது செலவில்லாமல் தீரும். இரண்டாவதற்குச் சில ஆயிரம் ரூபாய் வேண்டும். ஆகவே தவறான கணிப்பின் விலையைக் கணினியின் உரிமையாளரே கொடுக்கிறார். விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் இந்தத் திறன் ஏன் முக்கியமானது என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

கணினியே சொல்லும் பழுது

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை அறிமுகப்படுத்தியது. மின்சாரம் கொடுத்தவுடன் அது தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் சரியென்றால் ஒரு குறுகிய பீப் ஒலி எழும். ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் கேட்டால் திரை அட்டையில் கோளாறு. திரை இயங்கும் நிலையில் எண் தோன்றும்: 201 நினைவகத்தையும், 301 விசைப்பலகையையும், 601 நெகிழ்வட்டையும் குறிக்கும். பின்னர் வேறு நிறுவனங்களின் பயாஸ் நிரல்களும் இம்முறையைப் பின்பற்றின. ஆனால் ஒலிகளின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறியது. எனவே பழுது பார்ப்பவர் முதலில் அது எந்த பயாஸ் என்று அறிய வேண்டியிருந்தது.

உதிரிபாகங்கள் வந்த வழி

1984 நவம்பரில் இந்திய அரசு அறிவித்த புதிய கணினிக் கொள்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. அதன்பின் உறுப்புகளை வாங்கி இணைத்து உருவாக்கும் ‘அசெம்பிள்டு’ கணினிகள் பெருகின. தமிழகத்தில் இவ்வணிகத்தின் மையம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து 1993 செப்டம்பர் 30 அன்று விழுப்புரம் தனி மாவட்டமானது. அம்மாவட்டத்தின் திண்டிவனம் சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர்; விழுப்புரம் சுமார் 160 கிலோமீட்டர். பக்கத்திலேயே, வானூர் வட்டத்தை ஒட்டிய புதுச்சேரியின் சேதராப்பட்டில், எச்.சி.எல். நிறுவனத்தின் கணினி ஆலை இயங்கியது. ஆயினும் அசெம்பிள்டு கணினிக்கு ஒரே உற்பத்தியாளர் கிடையாது. எது கெட்டது என்று தெரிந்தால்தான் எந்த உறுப்பின் உத்தரவாதத்தைக் கேட்பது என்பதே தெரியும். தவறான உறுப்பை வாங்க சென்னைக்குப் போய்வந்தால் ஒரு நாளும் வீண், பணமும் வீண்.

ஏமாற்றும் பழுதுகள்

அறிகுறியும் காரணமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. 1999 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் என்றும் அழைக்கப்பட்ட சி.ஐ.எச். நச்சுநிரல் உலகெங்கும் பல கணினிகளின் வன்தட்டுத் தகவலை அழித்தது. சிலவற்றில் பயாஸையும் அழித்தது. அவை மதர்போர்டு செத்ததுபோல் தோன்றின. உண்மையில் கெட்டது ஒரு சில்லுக்குள் இருந்த நிரல் மட்டுமே. 2000-களின் முற்பகுதியில் இதற்கு நேர்மாறானது நடந்தது. தரமற்ற மின்பகு திரவம் கொண்ட மின்தேக்கிகள் மதர்போர்டுகளில் உப்பி வெடித்தன. கணினி அடிக்கடி தானாக நின்று மீண்டும் தொடங்கியதால் பலர் விண்டோஸைத் திரும்பத் திரும்ப நிறுவினர். மூடியைக் கழற்றி, மின்தேக்கியின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்த்தாலே போதுமானதாக இருந்தது.

மின்வெட்டும் புயலும்

தமிழகத்தில் 2008 முதல் சில ஆண்டுகள் கடும் மின்வெட்டு நிலவியது. 2012-இல் சென்னைக்கு வெளியேயுள்ள மாவட்டங்களில் சில காலம் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. யு.பி.எஸ். பேட்டரி முழுதாக ஏற நேரம் கிடைப்பதில்லை. மின்சாரம் திரும்பும்போது ஏற்படும் அழுத்த ஏற்றம் எஸ்.எம்.பி.எஸ். பகுதியைத் தாக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் வன்தட்டிலுள்ள கோப்புகள் சிதையும்.

இயற்கையும் தன் பங்குக்குத் தாக்கியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. வெள்ளத்தில் நனைந்த கணினி பெரும்பாலும் நீரால் மட்டும் கெடுவதில்லை. ஈரம் உலர்வதற்குள் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று மின்சாரம் கொடுப்பதால் கெடுகிறது. உலரவிட்டு, ஒவ்வோர் உறுப்பாகச் சோதிப்பதே முறை.

பழுதறியும் வரிசை

இந்த அனுபவங்களிலிருந்து உருவான வரிசை எளியது: செலவில்லாத சோதனை முதலில், விலையுயர்ந்த உறுப்பு கடைசியில்.

முதலில் மின்செருகியும் கம்பியும். அடுத்து எஸ்.எம்.பி.எஸ்.: 1995-இல் வந்த ஏ.டி.எக்ஸ். வகையில், மதர்போர்டிலிருந்து கழற்றிய இணைப்பியின் பச்சைக் கம்பியையும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்தால் விசிறி சுழல வேண்டும். விசிறி சுழல்வது மட்டும் போதாது. மல்டிமீட்டரில் 12, 5, 3.3 வோல்ட் அளவுகளையும் பார்க்க வேண்டும். பின்னர் ராமைக் கழற்றி, அதன் தொடுமுனைகளை அழிப்பானால் மெல்லத் துடைத்துப் பொருத்த வேண்டும். கடலோர மரக்காணம் போன்ற உப்புக்காற்றுள்ள இடங்களில் தொடுமுனைகளில் படலம் படிவது இயல்பு. ராம் இல்லாமல் இயக்கும்போது பீப் ஒலி எழுந்தால் மதர்போர்டும் செயலியும் உயிருடன் உள்ளன என்று பொருள். அதன்பின் வன்தட்டு. சந்தேகத்துக்குரிய உறுப்பை, நன்றாக இயங்கும் இன்னொன்றால் மாற்றிப் பார்ப்பது கடைசிப் படி.

இன்றைய நிலை

இன்று பல மதர்போர்டுகளில் பீப் ஒலிபெருக்கியே பொருத்தப்படுவதில்லை. சிலவற்றில் சிறு விளக்குகள் அப்பணியைச் செய்கின்றன. பல மடிக்கணினிகளில் ராம் கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்படுகிறது. 2012 மே 1 முதல் மின்னணுக் கழிவு விதிகள் நடைமுறையில் உள்ளன. 2022 டிசம்பர் 24 அன்று இந்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாசலைத் தொடங்கியது. விதிகள் வந்தாலும், ஒரு கணினி கழிவாகுமா, இன்னும் சில ஆண்டு உழைக்குமா என்பது பெரும்பாலும் முதல் சோதனையிலேயே முடிவாகிறது. உறுப்பை மாற்றும் முன் காரணத்தைக் கேட்பவரிடம் அது பிழைக்கிறது.