இசைத்தட்டுகளும் மறைந்து நின்ற இசைவாணரும்

மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடையாறும் இசை வெள்ளத்தில் மூழ்குகின்றன. மியூசிக் அகாதெமி, இரசிக ரஞ்சனி சபை, வாணி மகால், கிருஷ்ண கான சபை என்னும் அரங்குகளின் பெயர்களை அறியாதார் சென்னையில் மிகச் சிலரே. அங்குப் பாடிய பெரியோரின் வரலாறுகள் நூல்களாகவும் மலர்களாகவும் வெளிவந்துள்ளன. அவ்வரலாறுகளில் இடம் பெறாத சிலரைப் பற்றியே இக்கட்டுரை பேச முற்படுகிறது. அவர்களைத் தேடிச் செல்வதற்கு நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் ஒன்று பழைய அரக்கு இசைத்தட்டு. அதன் நடுவே ஒட்டியுள்ள பெயர்ச்சீட்டைப் படிக்க வேண்டும். அச்சீட்டில் எழுதாமல் விட்டதையும் படிக்க வேண்டும்.

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் இசைத்தட்டைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நம் முன்னோர் கேட்டுப் போராடிய முதல் உரிமைகளுள் ஒன்று, பள்ளிப் பதிவேட்டில் பெயர் ஏறும் உரிமை. அடையாற்றில் கர்னல் ஆல்காட் நம் குழந்தைகளுக்காக இலவசப் பள்ளியைத் தொடங்கியது 1894-ஆம் ஆண்டில். இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை வெளியிடத் தொடங்கியது 1907-ஆம் ஆண்டில். இசைத்தட்டு இந்நாட்டுக்கு வந்த காலமும் ஏறத்தாழ அதுவே. ஒரு புறம் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மறு புறம் பெயர்கள் எவ்வாறு விடுபட்டன என்பதை அறிதல் நமக்குப் பொருந்தாத வேலை அன்று.

1902-ஆம் ஆண்டின் இறுதியில் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரடெரிக் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். அவர் பதிவு செய்தவருள் கௌஹர் ஜான் என்னும் பாடகி புகழ் பெற்றவர். பாட்டு முடிந்ததும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லி முடிப்பது அவ்வம்மையார் வழக்கம். தொடக்கத்தில் இங்குப் பதிவான ஒலி கப்பலேறி ஜெர்மனியிலுள்ள ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கே தட்டாகத் திரும்பி வந்தது. 1908-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே ஆலை அமைந்தது. பதிவாளர்கள் சென்னைக்கும் வந்தனர்.

அக்காலத்துப் பதிவு முறையை இக்கால மாணவர்க்கு விளக்குவது எளிதன்று. ஒலிவாங்கி கிடையாது. பெரியதொரு குழலின் வாய்க்கு முன் நின்று உரத்துப் பாட வேண்டும். குழலின் மறு முனையிலுள்ள ஊசி, ஒலியின் அதிர்வை மெழுகில் கீறும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும். ஓர் இராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பாடிப் பழகியவர்கள், அதன் சாரத்தை மூன்று நிமிடத்துக்குள் பிழிந்து தர வேண்டியிருந்தது. ஆண் வித்துவான்களுள் பலர் தயங்கினர். குரல் போய்விடும் என்று சிலர் அஞ்சினர். தம் பாட்டு கண்ட இடத்தில் ஒலிக்கும், கண்டவரும் கேட்பர் என்று சிலர் முகம் சுளித்தனர் எனக் கூறுவர். (கண்டவரும் கேட்கலாம் என்பதே இசைத்தட்டின் பெரும் பேறு என்பது என் கருத்து. சபைக்குள் நுழைய இயலாதவன் தேநீர்க் கடை வாசலில் நின்று கேட்டது அதனால்தான்.) இத்தயக்கம் இல்லாமல் முன்வந்தவருள் பெரும்பாலோர் தேவதாசி மரபில் வந்த பெண்மணிகள். சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயம்புத்தூர் தாயி ஆகியோர் அவ்வரிசையினர்.

இவர்களுள் தாயியின் வரலாறு தனித்துச் சொல்லத் தக்கது. 1872-இல் பிறந்து 1917-இல் மறைந்தவர். பழனிக்குஞ்சரம் என்பது இயற்பெயர். சென்னையில் வாழ்ந்து புகழ் பெற்றார். அவர் பாடிய தட்டுகளுள் ஒன்று இராமலிங்க அடிகளின் அருட்பா. சாதியும் சமயமும் பொய் என்று முழங்கிய வள்ளலார், தம் இளமைக் காலத்தைச் சென்னையிலேயே கழித்தவர் என்பதை நாம் அறிவோம். அவர் பாடல் தாயியின் வாய்வழியே அரக்குத் தட்டில் ஏறியது. மோரிஸ் தெலாழ் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளர், இராவெல் என்னும் பேரிசையாளரின் மாணவர், 1912 வாக்கில் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். நாடு திரும்புகையில் அவர் கொண்டு சென்ற தட்டுகளுள் தாயியின் தட்டும் இருந்தது. அதை அவர் ஒரு முறை கேட்டு வைத்துவிடவில்லை. ஏறத்தாழ அப்படியே பியானோவுக்கு மாற்றி ‘இராகமாலிகா’ என்று பெயரிட்டு ஓர் இசைப்படைப்பாக்கினார். இந்திய நகரங்களின் பெயரால் அவர் அமைத்த நான்கு பாடல்கள் 1914-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் பாரிசில் அரங்கேறின. அவற்றுள் முதற்பாடலின் தலைப்பு ‘மெட்ராஸ்’.

‘இராகமாலிகா’வில் ஒரு நுட்பம் உண்டு. பியானோவின் ஒரு குறிப்பிட்ட சுரத்துக்குரிய தந்திகளின் அடியில் அட்டைத் துண்டைச் செருகி வாசிக்க வேண்டும் என்று தெலாழ் குறித்துள்ளார். அவ்வாறு செய்தால் கணீரென்ற ஒலி மங்கி, தோற்கருவியின் ஒலியை நினைவூட்டும். பியானோவின் உள்ளே பொருளை வைத்து ஒலியை மாற்றும் முறைக்கு மேலை இசையில் இது மிகப் பழைய எடுத்துக்காட்டு என்பர்.

தாயி இறந்தபின் அவர் பெயர் இங்கே விரைவில் மங்கியது. 1928-இல் மியூசிக் அகாதெமி நிறுவப்பெற்றது. கச்சேரி மேடையின் இலக்கணம் மாறியது. 1947-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழித்தது. அவ்வழக்கம் ஒழிந்தது நன்றே. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆயினும் வழக்கத்தோடு சேர்த்து அம்மகளிரின் பாட்டையும் பெயரையும் மறந்தது எவ்வகை நீதி? அவர்கள் வளர்த்த இசை சபைகளில் தங்கிற்று. அவர்களுள் மிகப் பலருடைய நினைவு தட்டுச் சேகரிப்பாளரின் அலமாரிக்குச் சென்றது.

தாயிக்காவது பெயர்ச்சீட்டில் இடம் கிடைத்தது. நூறாண்டு கழித்தும் தேடுவோர் அதைக் கொண்டு அவரைக் கண்டறிய முடிகிறது. பக்கவாத்தியக்காரர் பெயரைப் பழைய தட்டுகளில் காண்பது அரிது. அந்த வாத்தியத்தைச் செய்தவர் பெயரோ எந்தத் தட்டிலும் இல்லை. அட்டைத் துண்டைச் செருகியேனும் ஒரு மேனாட்டார் எட்ட முயன்ற அத்தோல் ஒலி யாருடைய கைவேலை என்ற கேள்விதான் நம்மை நம் வீட்டு வாசலுக்கே அழைத்து வருகிறது.

மிருதங்கம் செய்வது எளிய தொழில் அன்று. பலா மரத்தைக் குடைந்து கட்டை அமைப்பர். அதன் இரு வாய்க்கும் மூட்டு கட்டுவதற்குப் பசுவின் தோலும் ஆட்டின் தோலும் வேண்டும். இழுத்துக் கட்டும் வாருக்கு எருமைத் தோல் வேண்டும். தோலைத் தேர்வதிலேயே பாதி வித்தை அடங்கியுள்ளது. பிறகு வலந்தலையின் நடுவில் கரணை இட வேண்டும். கிட்டக் கல்லைப் பொடித்து, குழைந்த சோற்றுடன் பிசைந்து, சிறிது சிறிதாகத் தடவி, வழவழப்பான கல்லால் தேய்த்து உலர்த்தி, மீண்டும் தடவித் தேய்ப்பர். கரணை சற்றுத் தடித்தாலும் மெலிந்தாலும் சுருதி கெடும். குச்சி மிருதங்கம் என்றும் கப்பி மிருதங்கம் என்றும் வேறுபாடு உண்டு. தோல்களுக்கிடையே மெல்லிய குச்சிகளைச் செருகினால் முன்னது. கல் நொய்யை இட்டால் பின்னது. ஒவ்வொன்றுக்கும் நாதம் வேறு.

சர் சி. வி. இராமன் இக்கருவியை ஆராய்ந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழிலும், பின்னர் 1934-இலும் கட்டுரைகள் வெளியிட்டார். சாதாரணமாகத் தோற்கருவியின் ஒலி ஒழுங்கற்ற அதிர்வுகளின் கலவை; மிருதங்கத்திலோ கரணையின் கனத்தால் தந்திக் கருவியைப் போன்றே ஒழுங்கான மேற்சுரங்கள் பிறக்கின்றன என்று அவர் மெய்ப்பித்தார். இதை முன்னோரின் அறிவுக்குச் சான்று என்று பொதுவாகப் பாராட்டுவது வழக்கம். முன்னோர் என்று சொல்லிவிட்டால் ஆள் அடையாளம் வேண்டியதில்லை! ஆனால் கரணை ஒரு முறை இட்டால் என்றும் நிற்பதன்று, தேயும், பெயரும், மீண்டும் மீண்டும் இட வேண்டும். ஆகவே அவ்வறிவு ஏட்டில் இருந்த அறிவு அன்று. உயிரோடு, பெயரோடு, பசியோடு இருந்த மனிதர்களின் விரலில் இருந்த அறிவு.

அம்மனிதர்களுள் மிகப் பலர் நம்மவர், தலித் கிறித்தவர். தஞ்சையில் செபாஸ்டியன் என்பவர் தொடங்கிய குடும்பத் தொழிலை அவர் மகன் பர்லாந்து மேம்படுத்தினார். பெர்னாண்டஸ் என்னும் பெயரே மக்கள் வாயில் பர்லாந்து ஆயிற்று. பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கங்களுக்குப் பல்லாண்டுக் காலம் உழைத்தவர் அவரே. மணி ஐயரின் நாதம் என்று உலகம் போற்றிய ஒலி, இருவர் சேர்ந்து தேடிக் கண்ட ஒலி. ஒருவர் மேடையில் அமர்ந்தார். மற்றவர் பட்டறையில் அமர்ந்தார். மயிலாப்பூரிலும் இத்தகைய பட்டறைகள் உண்டு. கச்சேரி மேடைக்கும் அவற்றுக்கும் நடக்கும் தூரமே. தோலைத் தொடுவது தீட்டு என்று கருதிய வீட்டிலும் அத்தோலால் ஆன கருவி கூடம் வரை சென்றது. செய்தவரோ வாசலில் நின்றார்.

இவ்வரலாற்றைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா தொழிலாளரிடமே கேட்டறிந்து, ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் ஆங்கில நூலாக 2020-இல் வெளியிட்டார். வெளியீட்டு விழா கலாக்ஷேத்ரா அரங்கில் நிகழவிருந்தது; சில நாட்களுக்கு முன் அந்நிறுவனம் இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா தரமணியிலுள்ள ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறி, பிப்ரவரி 2-ஆம் நாள் நடைபெற்றது. பசுத்தோலைப் பற்றிய உண்மை அச்சில் வந்தது சிலருக்கு ஒவ்வவில்லை. அத்தோலின் ஒலி எவருக்கும் ஒவ்வாமல் போனதில்லை.

அதே தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உள்ளது. கோட்டையூர் முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களைக் கொண்டு 1994-இல் அமைந்த அந்நூலகத்தில் பழைய இசைத்தட்டுகளும் பாதுகாக்கப்பட்டுள்ளன. நம் உயர்நிலை மாணவர்கள் ஒரு முறையேனும் அங்குச் சென்று வர வேண்டும். குழல்வழிப் பதிவான தட்டில் மிருதங்கம் எங்கோ தொலைவில் ஒலிக்கும். ஒலிவாங்கி வந்தபின் பதிவான தட்டில் தொப்பியின் கும்காரமும் தெளிவாகக் கேட்கும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், கரணை இட்டவரின் உழைப்பு எப்போது உலகின் செவிக்கு எட்டியது என்பது விளங்கும்.

நம் கழக உறுப்பினர் குடும்பங்களிலும் மிருதங்கம், தவில், பறை ஆகியவற்றுக்குத் தோல் பதமிட்டும் மூட்டு கட்டியும் வாழ்ந்த முதியோர் உள்ளனர். எந்த வித்துவானுக்கு, எந்த ஆண்டில், எவ்வளவு கூலிக்குச் செய்தோம் என்று அவர்கள் இன்னும் நினைவாகச் சொல்கிறார்கள். கழக நூலகத்து மேசையில் இதற்கெனக் கோடிட்ட பேரேடு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. பெயர், தந்தை பெயர், ஊர், செய்த கருவி, வாங்கியவர் என்று ஐந்து பத்திகள். ஞாயிறுதோறும் காலை பத்து மணி முதல் மாணவர் இருவர் அங்கே அமர்ந்திருப்பர்; எழுதத் தெரியாத பெரியோர் சொல்லச் சொல்ல அவர்கள் எழுதிக்கொள்வர்.