மணியோசையும் கைச்சுத்தமும்

குணமளிக்கும் இடமே நோயைப் பரப்பும் இடமாகவும் ஆகக்கூடும் என்பதை நாம் எளிதில் ஏற்பதில்லை. வியன்னா நகரின் பொது மருத்துவமனையில் 1847ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இதனைத் தெளிவாக்குகிறது.

அங்கே இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. முதலாவதில் மருத்துவ மாணவரும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1846இல் முதற் பகுதியில் நூறு தாய்மாருள் 11 பேருக்கு மேல் இறந்தனர். இரண்டாவதில் 3 பேருக்கும் குறைவு. பிரசவ ஜன்னியே பெருங்காரணம்.

துணை மருத்துவராயிருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தார். மரணத் தறுவாயிலிருப்போருக்கு நற்கருணை கொண்டுசெல்லும் குருவானவருக்கு முன்னே மணி அடிப்பது அங்கு வழக்கம். முதற் பகுதியில் அவர் மற்றத் தாய்மாரின் அறைகளைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. மணியோசை விளைக்கும் அச்சமே நோய்க்கு ஏதுவோ எனக் கருதிய செம்மல்வைஸ், மணியின்றி வேறு வழியாக வரும்படி வேண்டினார். குருவானவர் இசைந்தார். சாவோ குறையவில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் பேராசிரியர் கொலெட்ஷ்கா, பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டு, நோயுற்று இறந்தார். அவர் உடலில் கண்ட குறிகள் பிரசவ ஜன்னியின் குறிகளை ஒத்திருந்தன. மருத்துவரும் மாணவரும் பிரேத அறையிலிருந்து நேரே தாய்மாரிடம் வந்தனர். மருத்துவச்சிகளோ பிரேதங்களை ஆராய்வதில்லை. ஆகவே குற்றம் மணியில் அன்று, கைகளில் இருந்தது.

மே மாதத்தில், குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவாமல் எவரும் தாய்மாரைப் பரிசோதிக்கலாகாதென விதிக்கப்பட்டது. ஏப்ரலில் நூற்றுக்கு 18ஆக இருந்த சாவு ஜூனில் ஏறக்குறைய 2 ஆயிற்று. பின்னர், புற்றுநோயுற்ற ஒரு பெண்ணைப் பரிசோதித்த கைகளால் மற்றவரும் மடிந்தபோது, ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் கைகழுவ வேண்டுமென விதி விரிவாக்கப்பட்டது. சாவுகளைக் கணக்கிடுதல், காரணத்தை ஆராய்தல், விதி வகுத்தல், அதனைக் கண்காணித்தல் ஆகிய இந்நான்குமே இன்றும் மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பின் தூண்களாம்.

ஆயினும் மூத்தோர் பலர் இதனை ஏற்கவில்லை. தங்கள் கைகளே கொன்றன என்று ஒப்புக்கொள்ள அவர்களால் இயலவில்லை. 1849இல் செம்மல்வைஸின் பதவி நீட்டிக்கப்படவில்லை. அவரும் தம் நூலை 1861 வரை வெளியிடாதிருந்தார். எதிர்த்தோரைக் கொலைகாரரென்று கடிந்தார். 1865இல் மனநோய் விடுதியில் இறந்தார். அவ்வாண்டிலேயே கிளாஸ்கோவில் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைக் காக்கத் தொடங்கினார்.

செம்மல்வைஸ் தம் நூலில், தம்முடைய கைகளால் மாண்டோரின் தொகையைக் கடவுளே அறிவார் என்னும் கருத்துப்பட அறிக்கையிட்டார். பிலாத்து குற்றத்தை மறுக்கக் கைகழுவினான். இவரோ குற்றத்தை உணர்ந்து கைகழுவினார்.

நாமும் மருத்துவமனையில் கட்டிலுக்குக் கட்டில் சென்று, கைகளை வைத்து ஜெபிக்கிறோம். நம் நோக்கம் தூயது என்பதால் நம் கைகளும் தூயவை ஆகிவிடா. குற்றமற்ற மணியையே நிறுத்த இசைந்த அக்குருவானவரின் தாழ்மை நமக்கும் வேண்டும். ஜெபத்திற்கு முன் கைகழுவுவதும் நம் ஊழியத்தின் பகுதியே.